பேரை நீங்களே சொல்லுங்க

எங்கள் ஆஸ்பத்திரி புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. இதில் வருகிற யாருடைய பேரையும் சொல்லப்போவதில்லை. முழுக்க முழுக்கப் பேரைப் பற்றிய விஷயம் இது என்பதால் அப்படிச் செய்வது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் நோயாளி பேரை வெளியில் சொல்லாமல் இருந்தே பழகிவிட்டேன்.

நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். வீடு கீரனூரில். காலையில் எல்லாரும் திருச்சி பஸ்ஸுக்கு முண்டியடிக்கும்போது நான் எதிர்ப்பக்கம் நின்று, பாதி காலியாக வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவள். பெண்கள் வார்டில் என்னோடு இன்னொரு நர்ஸ் இருந்தார். ஒப்பந்தத்தில் வந்தவர். ஏறக்குறைய என் வயதுதான், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தார். எனக்குப் பிறகு வந்தார் என்ற ஒரே காரணத்தால் வார்டில் அவருக்கு 'சின்ன சிஸ்டர்' என்று பேர் விழுந்துவிட்டது. நான் 'பெரிய சிஸ்டர்'.

அன்றைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் போடுகிற நேரம். சின்ன சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே இருந்த கட்டிலுக்குப் போனார். கட்டில் நம்பரைப் பார்த்தார். கால்மாட்டில் தொங்கிய சீட்டைப் பார்த்தார். அதில் இருந்த பேரைச் சொல்லி, "நீங்கதானேம்மா?" என்று கேட்டார்.

படுத்திருந்த அம்மா "ஆமாங்க" என்று எழுந்து உட்கார்ந்து, ரவிக்கைக் கையைத் தானே மேலே ஏற்றிவிட்டு நீட்டினார். சின்ன சிஸ்டர் பஞ்சால் துடைத்தார். அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண்மணி அவர், மூச்சிழுப்புக்காகச் சேர்ந்திருந்தார்.

"இந்தாங்கம்மா, அவுகளுக்கு என்ன ஊசி?"

"சுகர் ஊசிங்க."

"அவுகளுக்கு ஏது சுகரு? இப்பத்தான் என் பிளாஸ்க்குல இருந்து சீனி போட்ட டீயை வாங்கிக் குடிச்சாக. சுகருக்காரவுக அங்கிட்டு ஜன்னலோரம் படுத்திருக்காக பாருங்க."

சின்ன சிஸ்டர் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது.

நடந்தது இதுதான். சுகர் உள்ள அம்மாவுக்கு ஃபேன் காற்று ஆகவில்லை. காய்ச்சலுக்குச் சேர்ந்திருந்த அம்மாவுக்குப் புழுக்கம் தாங்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் பேசிக் கட்டிலை மாற்றிக்கொண்டார்கள். சீட்டு மட்டும் பழைய இடத்திலேயே தொங்கியது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

ஊசி போடவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் விஷயம் இன்சார்ஜ் அம்மா காதுக்குப் போய்விட்டது. பெண்கள் வார்டு, ஆண்கள் வார்டு இரண்டுக்கும் பொறுப்பு அவர்தான். எல்லார் முன்னாலும் சின்ன சிஸ்டரைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா ஒனக்கு? காய்ச்சல்ல சாப்பிடாமக் கெடக்கிற பொம்பளை. கேட்டுப் போட மாட்டியா?"

"கேட்டேனேம்மா. ஆமாங்கன்னுதானே சொன்னாங்க."

"அவங்க சொல்வாங்க. படிச்சது நீயா, அவங்களா?"

சின்ன சிஸ்டர் ஊசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். எனக்கு அவரைச் சமாதானம் செய்யத் தெரியவில்லை. அதோடு என் புத்தி வேறொன்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. நம்பரைப் பார்த்து, சீட்டைப் பார்த்து, பேரையும் கேட்டிருக்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எனக்குப் புரியாதது ஒன்றுதான். அந்த அம்மா தன்னுடையதில்லாத ஒரு பேருக்கு எதற்காக ஆமாம் என்றார்?

சாப்பிட்டுவிட்டு நேரே அவரிடமே போனேன். சித்தன்னவாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் பயந்துபோய் எழுந்தார்.

"படுங்கம்மா. காலையில சிஸ்டர் கூப்பிட்டது ஒங்க பேரு இல்லையே. ஏன் ஆமான்னீங்க?"

"தப்பாங்க?"

"தப்பெல்லாம் இல்ல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன்."

அவர் யோசித்தார். யாரும் இதுவரை கேட்காததை நான் கேட்டுவிட்டதுபோல நிதானமாக யோசித்தார்.

"பேரு காதுல விழுகலங்க. 'நீங்கதானே'ன்னு என்னையப் பாத்துக் கேட்டாகள்ல, அதுதான் விழுந்துச்சு. நான்தானே படுத்திருக்கேன், ஆமான்னேன்."

"பேரு விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தாலும்..." என்று இழுத்தார். "ஆதார்ல ஒரு பேரு இருக்கு. ஓட்டுச் சீட்டுல கொஞ்சம் மாத்தி இருக்கு. இங்க நீங்க எதை எழுதிக்கிட்டீகன்னு எனக்கு என்னங்க தெரியும்? வீட்டுல என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட யாரு இருக்கா? மூத்தவன் ஆத்தான்னுதான் ஊரே கூப்பிடும். நூறு நாள் வேலையில பேரு வாசிக்கிறப்ப மட்டுந்தான் எம் பேரு எங்காதுக்கே கேக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த 'நீங்கதானே'யை நம்பித்தான் நான் மருந்து கொடுத்து வந்திருக்கிறேன்.

மறுநாள் ஒரு சோதனை செய்து பார்த்தேன். மருந்தில் விளையாடக் கூடாது என்பதால், வெறும் ரத்த அழுத்தம் பார்க்கிற சுற்றில் மட்டும். வேண்டுமென்றே பேரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். நான் நினைத்ததைவிட நிறையப் பேர் ஆமாம் என்றார்கள். சிலர் வாயால் சொன்னார்கள், சிலர் தலையை ஆட்டிவிட்டுக் கையை நீட்டினார்கள். ஒருவரிடம் வாயில் வந்த ஒரு ஆண் பேரைச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் "ஆமாங்க" என்றார்.

"ஏம்மா, அது ஆம்பளைப் பேரு இல்லையா?"

"அது எங்க மாமனாரு பேருங்க. எங்க வீட்டு ஆளைத்தான் கேக்குறீகன்னு சொன்னேன்."

கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்காமலே "இல்ல சிஸ்டர், நான் வேற" என்றாள்.

இதையெல்லாம் சின்ன சிஸ்டரிடம் சொன்னேன். திட்டு வாங்கியதிலிருந்து சரியாகப் பேசாமல் இருந்தவர் மாமனார் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அப்ப நாம கேக்கிற கேள்விலதான் கோளாறு, சிஸ்டர். பதிலையும் நாமளே சொல்லிக்குடுத்துட்டு ஆமாவா இல்லையான்னு கேக்கிறோம். நம்மளைப் பாத்து இல்லைன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "பிரசவ வார்டுல பொறந்த குழந்தைக்கு உடனே கையில பட்டை கட்டிருவோம். ஏன்னா அதுக்குப் பேசத் தெரியாது. பெரியவங்களுக்குப் பேசத் தெரியும்னு விட்டுட்டோம்."

அன்றிலிருந்து கேள்வியை மாற்றினோம். நாங்கள் பேரைச் சொல்வதில்லை. "பேரை நீங்களே சொல்லுங்க" என்று கேட்பது, அவர்கள் சொன்ன பிறகு சீட்டைப் பார்ப்பது. கேட்பதற்கு இவ்வளவுதான். செய்து பார்த்தபோதுதான் சிக்கல் ஒவ்வொன்றாகக் கிளம்பியது.

பேர் மட்டும் போதாது, இன்னொரு அடையாளமும் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பிறந்த தேதியைக் கேட்கச் சொல்வார்கள். எங்கள் வார்டில் அது எடுபடவில்லை. ஆதார் எடுக்கும்போது தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. யாரைக் கேட்டாலும் ஜனவரி ஒன்றுதான். இன்னும் சிலர், "எங்க ஊருக் கம்மாய் ஒடைஞ்ச வருஷம்" என்றார்கள். அதை எந்தச் சீட்டோடு ஒப்பிடுவது?

சரி, வீட்டுக்காரர் பேரைக் கேட்கலாம் என்று பார்த்தால் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர், "மலை மேல நிக்குதுல்ல சாமி, அந்தப் பேருதான், பின்னாடி கொஞ்சம் சேத்துக்கங்க" என்றார். மலை மேல் நிற்கிற சாமிக்குத்தான் எத்தனை பேர்? வார்டே சேர்ந்து விடுகதை போல ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. கடைசியில் துணிக்கடைப் பெண்மணிதான் கண்டுபிடித்தார். அதற்குள் எனக்கு மாத்திரை கொடுக்கிற நேரம் தாண்டிவிட்டது.

முடிவில் பேரும் ஊரும் என்று வைத்துக்கொண்டோம். ஒரே ஊரில், ஒரே குலசாமி பேரில் இரண்டு பேர் வந்துவிட்டால் வீட்டில் கூப்பிடுகிற பேரையும் கேட்டு சீட்டின் ஓரத்தில் எழுதினோம். மணிக்கட்டில் ஒட்டுவதற்கு பிளாஸ்திரியைக் கிழித்து அதில் பேனாவால் எழுதினோம். குளித்ததும் அழிந்துவிடும். திரும்ப எழுதுவோம்.

முதலில் நோயாளிகளுக்கே பிடிக்கவில்லை. "வந்த நாள்லேருந்து ஊசி போடுறீங்க, எம் பேரு தெரியாதா?" என்று ஒரு அம்மா கோபித்துக்கொண்டார். சின்ன சிஸ்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்மா. நான் சரியான ஆளுக்குத்தான் போடுறேனான்னு நீங்க என்னையப் பாத்துக்கணும்ல, அதுக்குத்தான் கேக்கிறேன். நான் கேக்காமப் போட வந்தா விடாதீங்க."

அது அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் நான் அவசரத்தில் கேட்காமல் மாத்திரையை நீட்டியபோது கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். "பேரு கேக்கலயே நீங்க?"

இன்சார்ஜ் அம்மாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. "கூட்டம் இல்லாத நாள்ல நல்லாத்தான் இருக்கும். திங்கக்கிழமை வந்து பாருங்க, தெரியும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திங்கட்கிழமைகளில் எங்களால் முழுசாகக் கேட்க முடிந்ததில்லை. ஆனால் அவர் எங்களைத் தடுக்கவும் இல்லை.

சில வாரம் கழித்து எங்கள் இரண்டு பேரையும் ஆண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோனோம். ஆண்கள் பேரைப் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள், இங்கே சிக்கல் இருக்காது என்று நினைத்தேன்.

மீமிசல் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பல வருஷம் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறி, வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. மனைவி கூடவே இருந்தார். ஆபரேஷன் செய்ய வேண்டும், ரத்தம் தயாராக இருக்கட்டும் என்று எலும்பு டாக்டர் எழுதினார். சின்ன சிஸ்டர் பேர் கேட்டார். அவர் சொன்னார். சீட்டோடு சரியாக இருந்தது. ரத்தம் எடுத்து, லேபிளில் பேரை எழுதி, கட்டில் பக்கத்தில் நின்றபடியே குழாயில் ஒட்டி அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சேமித்து வைக்கிற அறையிலிருந்து டெக்னீசியன் போன் செய்தார்.

"சிஸ்டர், இந்த ஆளு முன்னாடி ஒரு விபத்துல நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காரு. ரத்தம் ஏத்தியிருக்கோம். அப்ப பி பாசிட்டிவ். இப்ப நீங்க அனுப்புனது ஓ பாசிட்டிவ். குழாயை மாத்தி அனுப்பிட்டீங்க."

இன்சார்ஜ் அம்மா அப்போது அங்கேதான் நின்றார். சின்ன சிஸ்டரைத் திரும்பிப் பார்த்து, "மறுபடியும் நீதானா?" என்று மட்டும் கேட்டார். முன்பு சத்தம் போட்டதைவிட இது மோசமாக இருந்தது.

"நான் பேரு கேட்டுத்தாம்மா எடுத்தேன்."

நான், "இன்னொரு தடவை எடுத்துப் பாத்துருவோம்மா, நானும் கூட நிக்கிறேன்" என்றேன். இரண்டு பேருமாகப் போனோம். அவர் ஊசி குத்த, நான் குழாயைப் பிடித்தேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டெக்னீசியன் என் கண் முன்னாலேயே சோதித்தார். ஓ பாசிட்டிவ்தான் வந்தது.

டெக்னீசியன் தலையைச் சொறிந்தார். "அப்ப பழசுதான் தப்பா இருக்கணும். ஆனா பழசு தப்புன்னா, பி ரத்தம் ஏத்தின அன்னிக்கே ஆளு பொழைச்சிருக்கிறது கஷ்டமாச்சே. நல்லாத்தானே நடந்து வீட்டுக்குப் போயிருக்காரு."

"அப்ப ரெண்டும் சரியா?"

"ஒரு ஆளுக்கு ரெண்டும் எப்படிங்க சரியா இருக்கும்? இது ஒத்துவராம நான் ரத்தம் தர மாட்டேன்."

அந்தக் கேள்வியோடுதான் வார்டுக்குத் திரும்பினேன். ஒரு ஆளுக்கு இரண்டு ரத்தம் இருக்காது. எடுத்ததிலும் தப்பில்லை. அப்படியானால் எங்கே தப்பு? சின்ன சிஸ்டர் மருந்து அறையில் நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னதும் மெதுவாகக் கேட்டார்.

"சிஸ்டர், அவரு சம்சாரம் வீட்டுக்காரரு பேரைச் சொல்ற ஆளா?"

"இல்லையே. வந்த அன்னிக்கு நான் கேட்டதுக்குச் சீட்டைக் காட்டிட்டுக் குனிஞ்சுக்கிட்டாங்க."

"நேத்து மருந்து வாங்கிற எடத்துல அவங்களுக்குப் பின்னாடி நான் நின்னேன். உள்ள இருந்து யாரு பேருக்கு மருந்துன்னு கேட்டாங்க. சீட்டுல இருக்கிற பேரை அந்தம்மா சத்தமாச் சொன்னாங்க. கொஞ்சம்கூடத் தயங்கல."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்காரர் பேரைச் சொல்லாத பெண், அந்தப் பேரைச் சொல்கிறார். அப்படியென்றால் அது வீட்டுக்காரர் பேராக இருக்க முடியாது.

கட்டிலைச் சுற்றி மறைப்பை இழுத்து வைத்துவிட்டு இரண்டு பேரும் நின்றோம். மனைவி கீழே பாயில் உட்கார்ந்திருந்தார். நான் கட்டிலில் இருந்தவரிடம் கேட்டேன்.

"அண்ணே, ஒங்க பேரு என்னங்க?"

"அதான் சீட்டுல இருக்கே."

"சீட்டுல இருக்கிறது இருக்கட்டும். ஒங்க அம்மா ஒங்களுக்கு வச்ச பேரு என்ன?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார்.

"ஏன் கேக்கிறீங்க?"

"ஒங்க ரத்தம் ஒன்னு சொல்லுது, சீட்டு ஒன்னு சொல்லுது. எது நெசம்னு தெரியாம ஒங்களை ஆபரேஷனுக்கு அனுப்ப முடியாதுங்க."

"சொன்னா போலீசுக்குப் போவீங்களா? அப்புறம் நான் திரும்ப வெளிநாடு போக முடியாது."

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுண்ணே. தப்பான ரத்தம் ஏறுனா என்ன ஆகும்னு தெரியும்."

அவர் பேசுவதற்குள் மனைவி பேசிவிட்டார்.

"அது எங்க கொழுந்தன் பேருங்க. இவுக தம்பி."

பிறகு கணவரே எல்லாவற்றையும் சொன்னார். வெளிநாட்டில் இருந்த காலத்தில் ரேஷன் கார்டிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபின் இன்னும் சேர்க்கவில்லை, அதனால் அரசுக் காப்பீட்டு அட்டையும் அவருக்கு இல்லை. விழுந்து கிடந்தபோது, காப்பீட்டு அட்டை இல்லாமல் போனால் பெரிய ஆபரேஷன் செய்ய மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தம்பி உடனே தன் அட்டையையும் ஆதாரையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். முகமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்குமாம். முன்பு விபத்தில் வந்து பி ரத்தம் ஏற்றிக்கொண்டதும் அந்தத் தம்பிதான். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவர்கள் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. வலியில் கத்துகிற ஆளை எப்படியாவது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அட்டை இல்லாமலே இங்கே அவருக்கு ஆபரேஷன் செய்திருப்பார்கள். அரசு ஆஸ்பத்திரி. அதை அவர்களிடம் சொல்ல ஆள் இல்லை.

சின்ன சிஸ்டர் அப்போது சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல ஒரு ஊசி ஒத்துக்காதுன்னு பழைய ரெக்கார்டைப் பாத்து சிவப்புல எழுதியிருக்கே. அது ஒங்களுக்கா, தம்பிக்கா?"

"தம்பிக்கா இருக்கும். எனக்கு அது ஒன்னும் செய்யாது. ஆனா அங்க வேலை பாக்கிறப்ப ஒரு வலி மாத்திரை போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிருச்சு."

எந்த மாத்திரை என்று சின்ன சிஸ்டர் கேட்டார். அவருக்குப் பேர் நினைவிருந்தது. சொன்னார். ஆபரேஷன் முடிந்ததும் வலிக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுக்கிற மருந்து அதே வகை. ரத்தம் பொருந்தாததை டெக்னீசியன் கண்டுபிடித்திருப்பார், அவர் அதில் கெட்டிக்காரர். இதை யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

எலும்பு டாக்டரிடம் போய்ச் சொன்னோம். முதலில் கோபப்பட்டார், அவர்கள் மேல் பாதி, எங்கள் மேல் பாதி. வலி மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். தலைமை டாக்டர் அந்த அண்ணனையும் தம்பியையும் நேரில் வைத்து விசாரித்தார். காப்பீட்டுக்கு இன்னும் எதுவும் அனுப்பியிருக்கவில்லை. அதை நிறுத்திவிட்டு, இரண்டு பேரிடமும் நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டு, சரியான பேரில் புதிதாகச் சேர்க்கச் சொன்னார். அதோடு விட்டுவிட்டார். தம்பி வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுததைப் பார்த்தேன். அண்ணனைக் கொல்லப் பார்த்தேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

ஆபரேஷன் சில நாள் தள்ளி நடந்தது. நல்லபடியாக முடிந்தது. தியேட்டர் வாசலில் பேர் கேட்டபோது அவர் ஊரையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோலச் சொன்னார். வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு அனுப்பினோம்.

இன்சார்ஜ் அம்மா சின்ன சிஸ்டரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவர் சுபாவம் இல்லை. அடுத்த வாரம் எல்லா நர்ஸ்களையும் கூப்பிட்டு வைத்து, எப்படிப் பேர் கேட்க வேண்டும் என்று செய்து காட்டச் சொன்னார். செய்து காட்டச் சொன்னது சின்ன சிஸ்டரை. ஒருவரை நோயாளியாகப் படுக்க வைத்து, ஒருவரை மனைவியாக உட்கார வைத்து, அவர் கேட்டுக் காட்டினார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருந்தது. ஆண்கள் வார்டில் அப்பாவும் மகனும் ஒரே காய்ச்சலில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்து, எதைக் கேட்டாலும் அப்பாவே பதில் சொன்ன கதை. காது கேட்காதவர் எல்லாவற்றுக்கும் சிரித்த கதை. இவ்வளவு நாளும் இதை ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்டேன். "பேசுனா திட்டுத்தானே விழும்" என்றார் ஒருவர். இன்சார்ஜ் அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பிளாஸ்திரிக்குப் பதிலாக இப்போது கையில் கட்டுகிற பட்டை வருகிறது. எப்போதாவது தீர்ந்துபோகும், அப்போது மறுபடியும் பிளாஸ்திரிதான். சேர்க்கிற இடத்தில், அட்டை இல்லாவிட்டாலும் பார்ப்போம் என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். திங்கட்கிழமைகளில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. கட்டிலை மாற்றிக்கொள்வதை எங்களால் நிறுத்த முடியவில்லை. ஃபேன் எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அது நிற்காது என்றுதான் நினைக்கிறேன்.

போன மாதம் கல்குவாரியில் வேலை பார்க்கிற வடக்கத்தி ஆள் ஒருவர் கையில் அடிபட்டு வந்தார். தமிழ் ஒரு வார்த்தை வராது. பேரும் ஊரும் சைகையால் கேட்டேன். இரண்டு வார்த்தை சொன்னார். முதலில் சொன்னதைப் பேர் என்றும் அடுத்ததை ஊர் என்றும் எழுதி, பட்டையும் கட்டிவிட்டேன். சாயங்காலம் அவருடைய கூட்டாளி வந்து பட்டையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நான் அவர் கையில் கட்டியிருந்தது அவருடைய ஊர்.

சின்ன சிஸ்டர் அந்தக் கூட்டாளியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று இந்தியில் சொல்லித்தரச் சொன்னார். உள்ளங்கையில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, மருந்து அறையில் என்னை வைத்துச் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு சரியா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. மறுநாள் ஊசியோடு போய்க் கேட்டபோது அந்த ஆளுக்குப் புரிந்துவிட்டது. பேரை மட்டும் தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அதே கேள்வியை எங்களைப் பார்த்துக் கேட்டார். சின்ன சிஸ்டர் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு தன் பேரைச் சொன்னார். அந்த ஆள் அதைச் சொல்ல இரண்டு மூன்று முறை முயன்று பார்த்தார். வாயில் நுழையவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் ஒவ்வொரு எழுத்தாக அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். நாங்கள் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தோம்.